இராமநாதபுரத்துக் கோட்டை எங்கே போச்சு?

போன விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போகிறான். இராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். ஓவியங்களை எல்லாம் பார்த்தான், படம் எடுத்துக்கொண்டான். வெளியே வந்ததும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "மாமா, இது அரண்மனை சரி. கோட்டை எங்க?"

அவன் மனதில் இருந்த கோட்டை எதுன்னு எனக்குத் தெரியும். கார்ட்டூனில் வருமே, மலை உச்சியில் கூம்புக் கோபுரங்களோடு, முன்னால் சங்கிலி போட்டு இறக்கும் பாலத்தோடு, அது. ஐரோப்பாவில் அப்படி நிஜமாகவே இருந்தன. ஆனால் நம்ம ஊரிலும் கோட்டை இருந்தது. அது எதற்குக் கட்டப்பட்டது, எப்படி வேலை செய்தது, எங்கே போனது என்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாசித்துக் காட்டலாம்.

கோட்டை என்ற சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். நிலாவைச் சுற்றிச் சில ராத்திரி ஒரு வளையம் தெரியும். "நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். விதைநெல்லை வைக்கோல் பிரியில் பொதிந்து உருண்டையாகக் கட்டி வைப்பதும் கோட்டைதான். தென்மாவட்டங்களில் நெல் அளவுக்கே கோட்டை என்று பெயர். இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: உள்ளே ஒரு பொருள், அதைச் சுற்றி ஒரு வளைப்பு.

ஆங்கிலத்தில் பிரபு ஒருவர் குடும்பத்தோடு வாழ்ந்த அரணுக்கு 'காஸில்', படை இருக்கும் அரணுக்கு 'போர்ட்' என்று தனித்தனிச் சொல் உண்டு. நாம் இரண்டையும் கோட்டை என்றே சொல்லிவிடுகிறோம். அதுவும் சரிதான். நம் பக்கத்தில் ராஜா, படை, கோயில், களஞ்சியம், தெருக்கள் எல்லாமே பல இடங்களில் ஒரே மதிலுக்குள் இருந்தன.

பழைய தமிழில் மதிலுக்கே பல பெயர்கள்: எயில், இஞ்சி, புரிசை, அரண். கோட்டையை வளைத்துத் தாக்குவதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் புறத்திணையில் பெயர் வைத்திருக்கிறார்கள். முற்றுகையிடுகிறவன் ஒரு பூவும் காக்கிறவன் ஒரு பூவும் சூடிக்கொள்வான். திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 75ஆவது. தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, அடர்ந்த காடு, இந்த நாலும்தான் அரண் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில்தான் சுவரின் உயரம், அகலம், உறுதி பற்றிப் பேசுகிறார். இன்னொன்றில் உள்ளே உணவு இருக்கவேண்டும் என்கிறார். ஒரு பொறியாளர் எழுதிய குறிப்பு மாதிரி இருக்கும்.

கோட்டை எப்படி வேலை செய்யும்?

கோட்டையின் வேலை எதிரியைக் கொல்வது என்று பையன் நினைத்திருந்தான். அதன் முதல் வேலை அது கிடையாது, நேரம் வாங்குவது. நூறு பேர் உள்ளே இருந்து ஆயிரம் பேரைச் சில வாரம் தாக்குப்பிடித்தால், அதற்குள் துணைப்படை வந்துவிடும். அல்லது வெளியே இருப்பவனுக்குச் சாப்பாடு தீர்ந்துவிடும், மழை வரும், காய்ச்சல் வரும், திரும்பிப் போய்விடுவான். அதனால் கோட்டையின் ஒவ்வொரு பகுதியும் எதிரியைத் தாமதப்படுத்தத்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து உள்ளே வருவோம். முதலில் காவற்காடு. முள்ளும் புதருமாக வளர விட்ட காடு. படை வரிசையாக வர முடியாது. அடுத்து அகழி. தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆழமான பள்ளமே போதும். ஏணி சாத்துவதற்குச் சமதரை இருக்காது, சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதும் கஷ்டம். அகழி தோண்டிய மண்ணை உள்பக்கம் கொட்டினால் அதுவே சுவருக்குப் பாதி மண் ஆகிவிடும்.

அப்புறம் மதில். மேலே வீரர்கள் நடப்பதற்கு ஓர் அகலமான பாதை இருக்கும், அதை அலங்கம் என்பார்கள். தஞ்சாவூரில் இன்றைக்கும் கீழ அலங்கம், மேல அலங்கம் என்று தெருக்கள் இருக்கின்றன. கோட்டைச் சுவர் ஓடிய இடத்தை அந்தப் பெயர்களே காட்டிவிடும்.

மதிலில் இடைவெளி விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது கொத்தளம். இது எதற்கு? ஒரு தாளை எடுத்து நேர்கோடு போடச் சொன்னேன். "இதுதான் சுவர். எதிரி சுவரை ஒட்டிக் கீழே வந்து நின்றுவிட்டால் மேலே இருப்பவன் எப்படிச் சுடுவான்?" தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கவேண்டும், பார்த்தால் அவன் தலை போய்விடும். இப்போது அதே கோட்டில் அரைவட்டமாக ஒன்று வெளியே நீட்டி வரைந்தால், அதில் நிற்பவன் பக்கவாட்டில் சுவரின் அடிவரை பார்க்கலாம். ஒரு கொத்தளத்தின் அடியை அடுத்த கொத்தளம் காக்கும். பையனுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. பிறகு அவனே ஆறு கொத்தளம் வைத்து ஒரு படம் போட்டான். ஆர்.எஸ். மங்கலம் பக்கம் செங்கமடையில் ஆறுமுகக் கோட்டை என்றே ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியாக வாசல். கோட்டையின் பலவீனமான இடம் அதுதான். அதனால் பல கோட்டைகளில் நேராக உள்ளே போக முடியாதபடி வளைத்து வளைத்துப் பாதை வைத்தார்கள். யானை முட்டாமல் இருக்கக் கதவில் இரும்பு முள் அடித்தார்கள். பெரிய கதவுக்குள்ளேயே ஓர் ஆள் குனிந்து போகிற திட்டிவாசல் வைத்தார்கள். குனிந்து வருகிறவன் வாளை ஓங்க முடியாது இல்லையா?

இவ்வளவும் இருந்து உள்ளே கிணறும் நெல்லும் இல்லையென்றால் எல்லாம் வீண். இராமநாதபுரம் மாதிரி வறண்ட பூமியில் தண்ணீர்தான் முதல் கவலை. ஊருணி இருக்கிற இடத்தில்தான் ஊரே நிலைக்கும், கோட்டை மட்டும் விதிவிலக்கா என்ன?

கடலே அகழியான கதை

சேதுபதி என்றால் சேதுவுக்குத் தலைவன், காவலன். 1600களின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆட்சியில் சடைக்கன் உடையான் சேதுபதியிடம் இந்தப் பகுதி ஒப்படைக்கப்பட்டது. இராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது முக்கியமான பொறுப்பு. வழி முழுக்கக் காடு, திருடர் பயம், கடைசியில் கடல். அந்த வழியைக் கையில் வைத்திருப்பவனுக்கு மரியாதையும் உண்டு, வருமானமும் உண்டு. சங்கு, முத்துக் குளிப்பும் இதே கடலில்தான்.

அதற்கு முன்பே இந்த வழியின் மதிப்பைப் போர்த்துக்கீசியர் கண்டுகொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் ஓர் அரண் அமைத்து, யாத்திரிகர்களிடம் வரி கேட்டார்கள். 1549இல் பெரிய மோதலாகி, அன்தோனியோ கிரிமினாலி என்ற சேசு சபைப் பாதிரியார் அங்கே கொல்லப்பட்டார். ஆக, கோட்டை என்பது ஆட்களைக் காக்க மட்டும் இல்லை. ஒரு வழியின் குறுக்கே உட்கார்ந்து காசு வாங்கவும் அதைக் கட்டினார்கள்.

1630களின் கடைசியில் திருமலை நாயக்கருக்கும் இரண்டாம் சடைக்கன் என்கிற தளவாய் சேதுபதிக்கும் சண்டை மூண்டது. நாயக்கரின் தளபதி இராமப்பய்யன் பெரிய படையோடு வந்தான். சேதுபதி தரையில் நின்று தாக்குப்பிடிக்க முடியாமல் இராமேஸ்வரம் தீவுக்குள் போய்விட்டார். பாம்பன் கால்வாயை விடப் பெரிய அகழியை யார் தோண்ட முடியும்? இராமப்பய்யன் என்ன செய்தான் தெரியுமா? கடலின் குறுக்கே கல்லும் மண்ணும் மரமும் போட்டு அணை கட்டிப் படையைத் தீவுக்குள் கொண்டுபோனான். இராமப்பய்யன் அம்மானை என்ற கதைப்பாடல் இந்தப் போரைத்தான் பாடுகிறது.

சேதுபதி பிடிபட்டு மதுரைக்குப் போனார், பிறகு விடுதலையானார். எந்த அகழியையும் யாராவது ஒருநாள் தூர்த்துவிடலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கிழவன் சேதுபதி கட்டியது

சேதுபதிகள் முதலில் இருந்தது போகலூரில். இராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி போகும் வழியில் இருக்கிற சின்ன ஊர். 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆண்ட இரகுநாத கிழவன் சேதுபதி தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டையைக் கட்டினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இதில் துணை நின்றார் என்று சொல்வார்கள். இருவருக்கும் நெருங்கிய நட்பு.

இதே சேதுபதிதான் 1687இல் புதுக்கோட்டைப் பக்கம் திருமயத்தில் பாறைக்குன்றைச் சுற்றி இன்னொரு கோட்டை கட்டினார். அது இன்றும் நிற்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். திருமயத்தில் பாறையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. குன்றின் உச்சியில் பீரங்கி வைத்தால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்வையில் இருக்கும். இராமநாதபுரம் சமவெளி. மலை இல்லை. அங்கே எல்லாவற்றையும் மனிதன்தான் செய்யவேண்டும். அகழி தோண்டி, மதில் எழுப்பி.

கோட்டைக்குள் இருந்தவர்கள் யார், வெளியே இருந்தவர்கள் யார்? இதற்கான பதில் இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் கேட்கலாம். இராமநாதபுரத்தில் வெளிப்பட்டணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே. மதில் போய்விட்டது, அந்த 'வெளி' மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அப்போ சண்டை வந்தா வெளிப்பட்டணத்துல இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஓடவேண்டியதுதான். சிலரை உள்ளே விட்டிருப்பார்கள். எல்லோருக்கும் உள்ளே இடம் இருந்திருக்காது.

கிழவனுக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள்தான் இராமலிங்க விலாசத்தில் இருப்பவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் ராஜாவைப் பார்க்க வந்தது, இராமாயணம், பாகவதம் எல்லாம் சுவரில் இருக்கின்றன. போர் ஓவியத்தில் துப்பாக்கியும் பீரங்கியும் இருக்கின்றன, பார்க்கும்போது கவனியுங்கள். மதில்களின் காலம் முடியப்போவதற்கு அடையாளம் அதுதான்.

பீரங்கி வந்த பிறகு

உயரமான சுவர் ஏணிக்கு நல்ல பதில். பீரங்கிக்கு அது மோசமான பதில். சுவரின் அடியிலேயே திரும்பத் திரும்பக் குண்டு போட்டால், மேலே உள்ள கல்லின் கனமே சுவரைச் சாய்த்துவிடும். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் துருக்கியரிடம் விழுந்தபோது உலகம் இதைப் பார்த்தது. அதன் பிறகு ஐரோப்பியர் சுவரைத் தாழ்வாக, மிகத் தடிப்பாக, மண் நிரப்பி, நட்சத்திர வடிவில் கட்டத் தொடங்கினார்கள். அதைப் பார்க்க ஐரோப்பா போகவேண்டாம். நம் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியதை 1658இல் டச்சுக்காரர் பிடித்து, ஐந்து முனைக் கோட்டையாக மாற்றினார்கள்.

இராமநாதபுரத்துக்கு அந்தச் சோதனை 1772இல் வந்தது. கப்பம் தொடர்பான தகராறில் ஆற்காட்டு நவாபின் படையும், ஜெனரல் ஜோசப் ஸ்மித்தின் கீழ் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்தன. கோட்டை அதிக நாள் நிற்கவில்லை. பீரங்கி சுவரை உடைத்தது, படை உள்ளே புகுந்தது. சேதுபதி முத்துராமலிங்கம் அப்போது சிறுவன். என் அக்கா மகன் வயதுதான் இருக்கும். அவரையும் அவர் தாயையும் பிடித்துத் திருச்சிக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அதே மாதம் காளையார்கோவிலில் சிவகங்கையின் முத்துவடுகநாதரும் கொல்லப்பட்டார்.

முத்துராமலிங்க சேதுபதி பல வருடம் கழித்து விடுதலையாகி ஆட்சிக்கு வந்தார். 1795இல் கம்பெனி அவரைப் பதவியிறக்கி மறுபடி திருச்சியில் அடைத்தது. பிறகு சென்னைக்குக் கொண்டுபோனார்கள். 1809இல் சிறையிலேயே இறந்தார். ஒரு கோட்டையில் ராஜாவாக இருந்தவர் இன்னொரு கோட்டையில் கைதியானார். சுவர் வெளியாளை உள்ளே விடாமல் தடுக்கும், சாவி கைமாறினால் உள்ளே இருப்பவரை வெளியே விடாமலும் தடுக்கும். இதைச் சொன்னபோது பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

1798 செப்டம்பரில் இதே இராமலிங்க விலாசத்தில் இன்னொரு சம்பவம். கலெக்டர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டுக் கடைசியில் இங்கே பேட்டி கொடுத்தார். பேச்சு முற்றிக் கைது செய்யப் பார்த்தார்கள். கட்டபொம்மன் தப்பி ஓடும்போது கோட்டை வாசலில் நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். வாசல்தான் பலவீனமான இடம் என்று சொன்னேனே, அது உள்ளே வருகிறவனுக்கும் வெளியே போகிறவனுக்கும் பொருந்தும்.

மண் சுவரின் பலம்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண் சுவர்தான். 1799இல் கம்பெனி அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். படை பின்னால் வந்து பார்த்தால், ஒரு வாரத்துக்குள் கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது! மார்ச் கடைசியில் நடந்த தாக்குதல் தோற்றுப்போனது. மே மாதம் இன்னும் பெரிய பீரங்கிகள் வந்த பிறகுதான் பிடிக்க முடிந்தது.

மண் எப்படித் தாங்கியது? கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும், விரிசல் ஓடும். மண் சுவரில் குண்டு புதைந்துவிடும். ராத்திரி நாலு கூடை மண்ணும் வைக்கோலும் போட்டு அப்பினால் ஓட்டை அடைந்துவிடும். ஈரக் களிமண்ணில் கோலிக்குண்டை எறிந்து பாருங்கள், பிறகு பழைய ஓட்டில் எறிந்து பாருங்கள். வித்தியாசம் தெரியும். (ஓடு உங்கள் வீட்டுக் கூரையில் இருப்பதாக இருக்கவேண்டாம்!)

இந்த மண் சுவர்களைப் பார்த்துத்தான் கம்பெனி பயந்தது. 1801இல் போர் முடிந்ததும் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்து, கோட்டைகளை இடிக்க உத்தரவு போட்டார்கள். 1803இல் இராமநாதபுரம் ஜமீன் ஆனது, இராணி மங்களேஸ்வரி நாச்சியார் முதல் ஜமீன்தாரிணி. ஜமீனுக்கு வரி வசூல் உண்டு, படை கிடையாது. படை இல்லாத இடத்தில் மதிலும் அகழியும் எதற்கு? அதனால்தான் இன்று ஊரைச் சுற்றி ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கோட்டைகள் பலவும் தானாக விழவில்லை, இடிக்கச் சொல்லி இடித்தவை.

கோட்டைக் காலம் முடிந்ததா?

அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 1990இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இலங்கை இராணுவமும் வெளியே புலிகளும் நின்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. 300 வருடத்துச் சுவர் அப்போதும் முற்றுகையைத் தாங்கி நின்றது, கடுமையாகச் சேதமும் ஆனது. அந்த வருடம் போருக்குப் பயந்து படகில் ஏறி இராமேஸ்வரம் வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மண்டபம் முகாம் அவர்களால் நிரம்பியது. வெளிப்பட்டணத்து ஆட்கள் என்ன செய்வார்கள் என்று பையன் கேட்டானே, அதற்கு நம் கரையிலேயே நடந்த பதில் இது. சுவருக்கு உள்ளேயும் இடமில்லாதவர்கள் கடலைத் தாண்டினார்கள்.

சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்தான் இன்றும் தலைமைச் செயலகம். தேர்தல் வந்தால் "கோட்டையைப் பிடிப்போம்" என்று பேசுகிறார்கள். பீரங்கிக்கும் அகழிக்கும் வேலை இல்லாவிட்டாலும் அதிகாரம் இருக்கும் இடத்துக்குக் கோட்டை என்ற பெயர் இன்னும் போகவில்லை.

பையனின் கேள்விக்கு வருகிறேன். கோட்டை எங்கே? கொஞ்சம் திருமயத்தில் நிற்கிறது, ஒருநாள் பயணத்தில் பார்த்துவிட்டு வரலாம். கமுதியில் குண்டாற்றங்கரையில் கொஞ்சம், செங்கமடையில் கொஞ்சம் இருக்கிறது. புதர் மண்டியிருக்கும், பாம்பு பார்த்து நடக்கணும். இராமநாதபுரத்தில் ஓர் அரண்மனையாகவும் ஒரு தெருப்பெயராகவும் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் அரியமான் கடற்கரைக்குப் போனோம். மணலில் கோட்டை கட்டினான். அகழி, ஆறு கொத்தளம், வளைந்த வாசல் எல்லாம் வைத்தான். முடித்துவிட்டு மதிலுக்கு வெளியே சின்னச் சின்னதாகச் சில வீடுகள் வைத்தான். பிறகு யோசித்து, அவற்றையும் சேர்த்துச் சுற்றி இன்னொரு சுவர் எழுப்ப ஆரம்பித்தான். அலை வருவதற்குள் முடியவில்லை.